குடித்தெறியும் குவளைகளும் வாசலுக்கு வரும் வண்டியும்

பித்தளை டபராவுக்கும் டம்ளருக்கும் பேர்போன தஞ்சைச் சீமையில், காப்பி குடித்த பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்ப்பதைத் தவிர வேறு பழக்கம் அறியாத வீடுகளில்கூட, இன்று ஒரு வாரத்துக் குப்பைக் கூடையைக் கிளறிப் பார்த்தால் குடித்தெறிந்த குவளைகள் அகப்படாமல் போவதில்லை. பேருந்து நிலையத்தில் வாங்கிய பார்சல் டீயோடு வந்தவை சில. சீமந்தத்துக்கோ திவசத்துக்கோ கட்டாக வாங்கி மீந்தவை சில. பிள்ளைகள் ஜூஸ் கடையிலிருந்து உறிஞ்சுகுழலும் மூடியுமாகக் கையில் ஏந்தி வந்தவை சில. கொல்லைக் கட்டிட வேலைக்கு வந்த ஆட்களுக்குப் பதினொரு மணி டீ கொடுத்தபோது சேர்ந்தவை சில. இவை எல்லாம் ஒரே மாதிரி வெள்ளையாகவும் வட்டமாகவும் இருப்பதனால், ஒரே கூடையில் விழுந்து, காய்கறித் தோலோடும் சாம்பார் வண்டலோடும் பிசைந்து, மறுநாள் காலை விசில் சத்தம் கேட்டதும் அப்படியே வண்டியில் கவிழ்க்கப்படுகின்றன. அதன் பிறகு அவற்றை எந்த ஆலையாலும் எந்தச் சட்டத்தாலும் மீட்க முடிவதில்லை.

இந்த அத்தியாயம் வற்புறுத்துவது ஒரே விஷயத்தைத்தான். குடித்தெறியும் குவளையின் கதி, குடித்து முடித்த அடுத்த ஐந்து நிமிஷத்தில், வீட்டிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அது ஈரமாகக் கூடைக்குப் போகிறதா, உலர்ந்து தனியே போகிறதா என்பதில்தான் பின்னால் நடக்கும் காரியங்கள் யாவும் அடங்கியிருக்கின்றன. ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேல் போனால் கொள்முதல் நிலையத்தில் நெல் களத்திலேயே காத்துக் கிடக்கும் என்பதை அறிந்த டெல்டா விவசாயிக்கு, காய்ந்த சரக்குக்கே மதிப்பு என்ற நியாயத்தை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அதே நியாயம் குப்பைக்கும் பொருந்தும்.

சட்டம் எங்கே நிற்கிறது

முதலில் சட்டத்தின் நிலையைத் தெரிந்துகொள்வது அவசியம். தமிழ்நாடு அரசு 2018 ஜூன் மாதம் பிறப்பித்த ஆணையின் பிரகாரம், 2019 ஜனவரி 1 முதல், ஒரு முறை உபயோகித்து எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்கள் தடை செய்யப்பட்டன. பிளாஸ்டிக் டீ கப், பிளாஸ்டிக் டம்ளர், தெர்மாகோல் குவளை, உறிஞ்சுகுழல் ஆகியவற்றோடு, பெரும்பாலோர் காகிதம் என்றே எண்ணியிருக்கும் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. தயாரிப்பது, சேமித்து வைப்பது, கொண்டு செல்வது, விற்பது ஆகிய காரியங்களோடு உபயோகிப்பதும் தடைக்கு உட்பட்டது. பேப்பர் கப் தயாரிப்பாளர்கள் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார்கள். 2023 அக்டோபரில் அந்த நீதிமன்றமும் பேப்பர் கப் மீதான தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. மத்திய அரசு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் அமல்படுத்திய தடையிலும் பிளாஸ்டிக் குவளைகளும் உறிஞ்சுகுழல்களும் இடம்பெற்றிருக்கின்றன. 2021 டிசம்பரில் தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் இதே தடையை ஜனங்களின் பழக்கத்துக்குள் கொண்டு வருவதற்காக ஏற்பட்டது.

இவ்வளவு இருந்தும் குவளைகள் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆகையால் ஒரு நல்ல கிருகஸ்தர் செய்ய வேண்டிய காரியங்கள் இரண்டு: வாங்காமல் இருப்பது ஒன்று, தம்மை மீறி வந்துவிட்டதை ஒழுங்காக வழியனுப்புவது மற்றொன்று. முன்னதன் பெருமையைப் பேசிப் பின்னதை அலட்சியம் செய்வதும், பின்னதைச் செய்துவிட்ட திருப்தியில் முன்னதை மறப்பதும் இரண்டுமே பிசகு.

குவளையை இனம் காணுதல்

எந்தக் குவளை எதனால் ஆனது என்று தெரியாமல் பிரித்து வைப்பது சாத்தியமில்லை. இதற்கு விசேஷக் கருவி எதுவும் வேண்டாம். கையும் காதும் போதும்.

பேப்பர் கப்பிலிருந்து தொடங்குவோம். ஒன்றை எடுத்துக் கிண்ணத்து நீரில் இரவு முழுவதும் ஊறப் போட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். மேல்விளிம்பின் சுருள் அவிழ்ந்திருக்கும். பக்கத்து ஒட்டு நெகிழ்ந்திருக்கும். வெளிப்புறத்தைக் கட்டைவிரலால் தேய்த்தால் காகிதம் திரி திரியாக உருண்டு வரும். எல்லாவற்றையும் தேய்த்து எடுத்த பிறகு, உட்புறம் முழுவதையும் மூடியிருந்த, ஒளி ஊடுருவும் மெல்லிய தோல் ஒன்று கிழியாமல் விரலில் தொங்கும். அதுதான் பாலிஎத்திலீன் படலம். எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே இருக்கும் அந்தப் படலம்தான் டீயைக் காகிதத்துக்குள் இறங்கவிடாமல் காக்கிறது. அதே படலம்தான் இந்தக் குவளையைக் காகிதச் சாதியிலும் சேரவிடாமல், பிளாஸ்டிக் சாதியிலும் சேரவிடாமல் நடுத்தெருவில் நிறுத்துகிறது. குளிர்பானக் குவளைகளில் வெளிப்புறத்திலும் இதே பூச்சு இருப்பதுண்டு. அவை ஊறுவதற்கு இன்னும் நேரமாகும்.

இந்தப் படலத்தைப் பற்றி வேறொன்றையும் அறிந்துகொள்ளலாம். கரக்பூர் ஐ.ஐ.டி.யின் பேராசிரியை சுதா கோயலும் அவருடைய மாணவர்களும் 2020 இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, 85 முதல் 90 டிகிரி சூடுள்ள 100 மில்லி நீர், பேப்பர் கப்பில் 15 நிமிஷம் இருந்தால், ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலந்துவிடுகின்றன. டீ குடித்து முடிக்க நமக்கு ஆகும் நேரமும் ஏறக்குறைய அதுவேதான்.

அடுத்து, பிளாஸ்டிக் குவளைகள். அடிப்பாகத்தில் மூன்று அம்புகளாலான முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 5 என்றால் பாலிபுரொப்பிலீன். அழுத்தினால் வளைந்து கொடுக்கும், எளிதில் உடையாது. 6 என்றால் பாலிஸ்டைரீன். நசுக்கினால் படபடவென்று சத்தமிட்டு விரிசல் விடும். 1 என்றால் பெட்; ஜூஸ் கடைகளின் தெளிவான குவளையும் குமிழ் மூடியும் பெரும்பாலும் இந்த வகை. எண் அழிந்து போயிருந்தால் நசுக்கிக் கேட்கும் சத்தமே போதிய சாட்சி. இலேசாகவும் தடிப்பாகவும் நகத்தால் கீறினால் மணி மணியாக உதிர்வதாகவும் இருப்பது தெர்மாகோல். அதுவும் 6 ஆம் எண்ணைச் சேர்ந்த பாலிஸ்டைரீனை உப்பவைத்ததே.

மூன்றாவதாக, 'மக்கும்' என்று அச்சிட்டு வரும் குவளைகள். மக்கும் பிளாஸ்டிக் என்று விற்பவர்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும்; அந்த விவரம் இல்லாத வெறும் பச்சை இலைப் படத்தை நம்புவதற்கில்லை. சான்று பெற்ற சரக்காயினும், அது மக்குவதற்கு 60 டிகிரியை ஒட்டிய சூடு பல வாரங்களுக்கு நீடித்து நிற்கும் பெரிய உரக்களம் வேண்டும். நம் கொல்லைப்புறக் குழிகளில் அந்தச் சூடு நிலைப்பதில்லை.

வண்டியில் ஏறிய பிறகு

மாநகராட்சி எல்லைக்குள் தூய்மைப் பணியாளர்களும், ஊராட்சிகளில் தூய்மைக் காவலர்களும் வீடு வீடாக வந்து குப்பை வாங்குகிறார்கள். 2016 ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை மக்குவது, மக்காதது, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பை வீட்டுக்காரர் மேலேயே சுமத்தின. பெரும்பாலான இடங்களில் பச்சைத் தொட்டி மக்குவதற்கும் நீலத் தொட்டி மக்காததற்கும் என்று வழக்கமாகியிருக்கிறது. மக்காத குப்பை தரம் பிரிக்கும் கொட்டகைக்குப் போகிறது; அங்கே மேஜை மீது கொட்டிக் கைகளால்தான் பிரிக்கிறார்கள். பால் பாக்கெட், பெட் பாட்டில், அட்டைப்பெட்டி, செய்தித்தாள், தகரம் என்று விலை போவதெல்லாம் தனித்தனிச் சாக்குக்குள் போகின்றன. காயலான் கடைக்காரர் எடை போட்டுக் காசு கொடுக்காத பொருள் கடைசிக் குவியலில் விழுகிறது.

பேப்பர் கப் அந்தக் கடைசிக் குவியலுக்குப் போவதற்குக் காரணங்கள் உண்டு. நூறு கப்பை மூட்டை கட்டினாலும் எடை சில நூறு கிராமைத் தாண்டாது. இடத்தையோ ஒரு சாக்கு அடைத்துக்கொள்ளும். பாலும் சர்க்கரையும் ஒட்டிய கப்பில் எறும்பு ஏறும், இரண்டு நாளில் பூஞ்சணம் படரும், அந்த ஈரம் பக்கத்திலிருக்கும் நல்ல செய்தித்தாளையும் கெடுக்கும். ஆலையிலோ வேறு சங்கடம். பழைய காகிதத்தை ஜலத்தில் அடித்துக் கூழாக்கும் பெரிய தொட்டியில், சாதாரணக் காகிதம் கரைகிற நேரத்துக்குள் பூச்சுள்ள கப் கரைவதில்லை. பிரிந்து வரும் படலம் சல்லடையில் அடைத்துக்கொள்ளும். காவிரிக் கரையில், கரூர் மாவட்டம் காகிதபுரத்தில், கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்வதற்கென்று 1979 இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், பழைய காகிதத்தின் மையை நீக்கிக் கூழாக்கும் பிரிவையும் பிற்பாடு அமைத்திருக்கிறது. நாம் எடைக்குப் போடும் நோட்டும் பத்திரிகையும் மறுபிறவி எடுப்பது இத்தகைய இடங்களில்தான். அந்தக் கட்டுக்குள் ஈரமான பேப்பர் கப்பை ஒளித்து வைப்பது, எடை கூட்டுவதாக நினைத்து நல்ல சரக்கின் தரத்தைக் குறைப்பதாகும்.

இதிலுள்ள விபரீதம் என்னவென்றால், பேப்பர் கப்பின் காகிதம் மட்டமானதன்று. உணவு படும் பொருள் என்பதனால் அது பெரும்பாலும் புதிய மரக்கூழிலிருந்து, நீண்ட இழையோடு செய்யப்படுவது. படலத்தை உரித்தெடுக்க வசதியுள்ள ஆலைக்கு, உலர்ந்த பேப்பர் கப் உயர்ந்த கச்சாப்பொருள். அமெரிக்காவில் சியாட்டில், சான் பிரான்சிஸ்கோ முதலான நகரங்கள், வீட்டு வாசலில் எடுக்கும் மறுசுழற்சித் தொட்டியிலேயே காகிதக் குவளைகளையும் ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் அத்தகைய ஏற்பாடு இல்லாத தேசங்கள் செல்வத்தில் சிறந்தவையாக இருந்தும் தோற்றிருக்கின்றன. பிரிட்டிஷ் பாராளுமன்றக் குழு ஒன்று 2018 ஜனவரியில் கொடுத்த அறிக்கையின்படி, அந்நாட்டில் ஆண்டுக்கு 250 கோடி காப்பிக் குவளைகள் எறியப்பட, அவற்றில் 400க்கு ஒன்றுகூட மறுசுழற்சி ஆகவில்லை. ஆகவே ஆலையும் வேண்டும், வாசலில் ஒழுங்கும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்து பிரயோஜனமில்லை.

நம் பக்கத்தில் விலை போகாத உலர்ந்த குப்பைக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர், டால்மியாபுரம் பகுதிகளின் சிமெண்ட் ஆலைகளில், நிலக்கரியோடு எரிபொருளாக அதைச் சேர்க்கிறார்கள். அங்குள்ள சூளையின் மிகுந்த உஷ்ணத்தில் அது முழுவதுமாக எரிகிறது. மற்றொன்று சாலை. மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்ட முறையில், பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன், பாலிஸ்டைரீன் ஆகியவற்றைத் துருவலாக்கிச் சூடான ஜல்லியின் மேல் தூவி, பிறகு தாரோடு கலந்து சாலை போடுகிறார்கள். அந்தப் பணிக்காக அவருக்கு 2018 இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. நசுங்கிய பிளாஸ்டிக் டீ கப்பும் தெர்மாகோலும் இவ்வழியில் பயன்படும். இவ்விரண்டு வழிகளுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு: சரக்கு உலர்ந்திருக்க வேண்டும். ஈரக் குப்பை சூளையின் சூட்டைத் தின்கிறது. சாலைக்கு வரும் துருவலிலும் ஈரம் ஆகாது.

ஈரமும் உலர்வும் கலந்து போனது எல்லாம் போய்ச் சேரும் இடம் கிடங்குதான். தஞ்சைக்கு ஜெபமாலைபுரம், கும்பகோணத்துக்குக் கரிக்குளம். பல்லாண்டுகளாகக் குவிந்த பழங்குப்பையைத் தோண்டி, சலித்து, மண் வேறு பிளாஸ்டிக் வேறு என்று பிரிக்கும் பயோமைனிங் வேலை இரண்டு ஊர்களிலும் நடந்திருக்கிறது. வீட்டில் ஒரு கை நீரால் முடிந்திருக்கும் காரியத்தை, ஆண்டுகள் கழித்து இயந்திரங்களைக் கொண்டு செய்வதற்குத்தான் அந்தப் பெயர்.

வீட்டில் செய்ய வேண்டிய முறை

ஆறு படிகளில் இதைச் சொல்லிவிடலாம். பழகிவிட்டால் சிரமம் தெரியாது.

1. *வடித்தல்.* அடியில் மிஞ்சிய டீயையோ பானத்தையோ கூடையில் விடாமல், தொட்டி முற்றத்திலோ செடியடியிலோ ஊற்றிவிட வேண்டும். டீத்தூளும் எலுமிச்சைத் துண்டும் மக்கும் தொட்டிக்குப் போகலாம்.

2. *அலசுதல்.* அரிசி கழுவிய நீரோ காய்கறி அலம்பிய நீரோ ஒரு கை ஊற்றி, சுழற்றிக் கொட்டினால் போதும். சோப்பு வேண்டியதில்லை, நல்ல ஜலத்தையும் இதற்காகச் செலவு செய்ய வேண்டாம். உத்தேசம் பளபளப்பு அன்று. சர்க்கரையும் பாலும் போக வேண்டும், அவ்வளவே.

3. *கழற்றுதல்.* மூடி, உறிஞ்சுகுழல், கலக்கும் குச்சி, அட்டை உறை ஆகியவற்றைத் தனியே எடுக்க வேண்டும். உறை சுத்தமான அட்டையானால் செய்தித்தாளோடு சேரலாம். மரக்குச்சி மக்கும் தொட்டிக்கு. மூடியின் எண்ணைப் பார்த்து அதன் இனத்தோடு சேர்க்க வேண்டும்.

4. *கவிழ்த்து உலர்த்துதல்.* பழைய தட்டில் கவிழ்த்து வைத்தால் வெயில் நாளில் அரைப்பொழுதில் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது ஆகாது. அந்த மாதங்களில் அடுப்படிக்கு மேலுள்ள மாடத்தில் ஓரிரவு வைக்கலாம். விரலால் தடவினால் ஈரம் ஒட்டக் கூடாது என்பதே அளவு.

5. *அடுக்குதல்.* இனத்துக்கு ஒரு வரிசையாக, ஒன்றுக்குள் ஒன்றைச் செருக வேண்டும். ஒரு சாக்கை அடைத்த கப்புகள் இப்படி அடுக்கினால் சிறிய இடத்துக்குள் அடங்கும். பேப்பர் கப்பை நசுக்க வேண்டாம். நசுக்கினால் அடுக்க வராது. கேரி பேக்கில் முடிச்சுப் போட்டுக் கட்டாமல், பழைய அரிசிப் பையில் நிறுத்தி வைத்தால் பிரிப்பவருக்கு அவிழ்க்கும் வேலை மிச்சம்.

6. *சொல்லிக் கொடுத்தல்.* தினந்தோறும் ஒன்றிரண்டாகப் போடாமல், வாரத்துக்கு ஒரு நாள் சேர்த்துக் கொடுப்பது நல்லது. கொடுக்கும்போது இன்னது என்று வாயால் சொல்ல வேண்டும்.

இந்த ஆறாவது படியைப் பெரும்பாலோர் அநாவசியம் என்று கருதுகிறார்கள். ஆனால் எந்த வார்டில் எதை எடுக்கிறார்கள் என்பதை அறிவிப்புப் பலகையைக் காட்டிலும் வண்டியோடு வருபவர்தான் துல்லியமாகச் சொல்ல வல்லவர். வாசலில் நடக்கும் பேச்சு இவ்வளவுதான் இருக்கும்:

"அக்கா, இதெல்லாம் காய வெச்ச கப்பு. பேப்பர் தனி, பிளாஸ்டிக் தனி. எதை எடுத்துக்குவீங்க?"

"பிளாஸ்டிக்கை இந்தச் சாக்குல போடுங்கம்மா. பேப்பர் கப்பை எடைக்கு எடுக்க மாட்டாங்க. ஆனா இப்படிக் காய வெச்சுக் குடுத்தா, சிமெண்டுக் கம்பெனி லாரிக்காவது போவும். ஈரமா வந்தா எங்க கைதான் நாறும்."

அவருடைய கடைசி வாக்கியத்தில் அடங்கியிருப்பது, சுகாதாரப் பிரசங்கங்கள் பலவற்றில் அகப்படாத சங்கதி. நாம் உலர்த்துவது ஆலைக்காக மட்டும் அன்று. இடையில் அதைத் தொடும் ஒரு மனிதரின் கைக்காகவும்தான்.

ஒருபோதும் செய்யக் கூடாதவை

கொல்லையில் எரிப்பது முதல் குற்றம். பேப்பர் கப் தானே என்று வெந்நீர் அடுப்பில் திணிக்கும் வழக்கம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. அதோடு சேர்ந்து போகும் பாலிஸ்டைரீன் எரியும்போது கரும்புகையும் ஸ்டைரீன் ஆவியும் கிளம்பும். அடுப்பங்கரையில் நிற்பவர் அதைத்தான் சுவாசிக்கிறார். 2016 விதிகளும் குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதையும் புதைப்பதையும் நீர்நிலையில் போடுவதையும் தடுத்தன.

ஆற்றிலும் வாய்க்காலிலும் எறிவது இரண்டாவது. மேட்டூர் அணை ஜூன் 12 இல் திறக்கப்படும் என்ற எதிர்பார்ப்போடு, கோடையில் டெல்டா முழுவதும் தூர்வாரும் பணி நடக்கிறது. கல்லணையில் பிரிந்து தஞ்சை நகரத்தின் நடுவே ஓடும் புது ஆற்றிலும், கரந்தையை ஒட்டி வரும் வடவாற்றிலும் நாம் போடும் குவளை அங்கேயே நிற்பதில்லை. பேராற்றிலிருந்து கிளை வாய்க்காலுக்கும், அங்கிருந்து வயல் மடைக்கும் தண்ணீர் போகும் வழியெல்லாம் அது போய், மதகின் கம்பியிலும் குமிழி வாயிலும் ஆகாயத்தாமரையோடு சேர்ந்து அடைத்துக்கொள்கிறது. கடைமடைக்காரருக்குத் தண்ணீர் வரவில்லை என்ற புகாருக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். மடை வாயில் கை விட்டுப் பார்த்தவர்களுக்கு இதுவும் ஒரு காரணம் என்று தெரியும். ஆடிப் பதினெட்டில் படித்துறையில் கலந்த சாதம் உண்ணும் குடும்பங்கள், டம்ளரைக் கையோடு கொண்டு போய்க் கொண்டு வருவது காவிரிக்குச் செய்யும் பூஜையில் சேர்ந்ததுதான்.

உரக்குழியில் போடுவது மூன்றாவது. காகிதம் மக்கிப் போய், படலம் மட்டும் துண்டு துண்டாக உரத்தோடு கலந்து தோட்டத்துக்குத் திரும்பும். கண்ணுக்குத் தெரியாமல் போவதனால் அது இல்லாமல் போவதில்லை.

விசேஷ வீடுகளுக்கு

வீட்டில் வாரத்துக்குப் பத்துக் கப் சேருகிறதென்றால், ஒரே முகூர்த்தத்தில் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடும். ஐந்நூறு பேர் வரும் கல்யாணத்தில், வரவேற்புப் பானம், காலைக் காப்பி, பந்தியில் தண்ணீர் என்று ஆளுக்கு மூன்று குவளை வைத்தால் 1,500 ஆகிறது. மண்டபம் போன்ற அங்கீகாரம் பெற்ற இடம் அல்லாமல், தெருவிலோ திடலிலோ பந்தலிட்டு நூறு பேருக்கு மேல் கூடும் விசேஷம் நடத்துவதானால், குறைந்தது மூன்று வேலை நாள் முன்பாக உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைப் பிரித்து ஒப்படைக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2016 விதிகள் சொல்லின. காதணி விழாவுக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் இது பொருந்தும்.

சுலபமான பரிகாரம் வாடகைப் பாத்திரக் கடை. அண்டாவும் கரண்டியும் எடுக்கும் அதே கடையில் எவர்சில்வர் டம்ளரும் எண்ணிக்கை போட்டுக் கொடுக்கிறார்கள். துலக்குவதற்கு ஆள் வைத்துக் கூலி கொடுக்க வேண்டும் என்பது உண்மையே. கட்டுக் கட்டாகக் கப் வாங்கும் காசையும், மறுநாள் குப்பை அள்ளும் கூலியையும் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் பெரிதாக இராது. சமையற்காரரிடம் மெனு பேசும்போதே "டம்ளர் எவர்சில்வர்தான்" என்று சொல்லிவிட வேண்டும். முதல் நாள் ராத்திரி சொன்னால் நடக்காது. பந்தி நடக்கும் கூடத்தின் வாசலில் இலைக்கு ஒரு கூடை, மிஞ்சிய பானத்துக்கு ஒரு வாளி, டம்ளருக்கு ஓர் அகன்ற தவலை என்று மூன்றையும் வரிசையாக வைத்து, வீட்டுப் பையன் ஒருவனை அங்கே நிறுத்தினால், வந்தவர்கள் தாமாகவே பிரித்துப் போடுவார்கள்.

தொன்னையும் பனையோலைப் பட்டையும் நம் பூர்வீகக் குடித்தெறியும் பாத்திரங்கள். கோவில் பிரசாதம் தொன்னையிலும் பதநீர் பட்டையிலும் வந்த காலத்தில், எறிந்தது மாட்டுக்கோ மண்ணுக்கோ போயிற்று. பாயசத்துக்கும் பானகத்துக்கும் தொன்னை இன்றும் பொருந்தும். சூடான காப்பிக்கு ஆகாது. மண் குவளையைப் பற்றி அபிப்பிராய பேதம் உண்டு. 2004 இல் ரயில்வே மந்திரியாக இருந்த லாலு பிரசாத் ரயில் நிலையங்களில் மண் குவளையைக் கொண்டுவந்தபோது பலரும் கொண்டாடினார்கள். குயவர்களுக்கு அது பிழைப்புத் தந்தது மெய். ஆனால் சூளையில் சுட்ட களிமண் எளிதில் மண்ணாகிவிடுவதில்லை, ஓடாகவே நெடுநாள் கிடக்கும். அப்படிச் சேர்ந்தால் பொடித்து, பூந்தொட்டியின் அடியில் நீர் வடிய இடுவதே தக்க உபயோகம்.

தெருவுக்கும் ஊருக்கும்

தனி வீடு ஒன்று குவளையை உலர்த்தி அடுக்குவதனால், அந்த வீட்டுக் குவளைகள் மட்டுமே தப்புகின்றன. ஒரு தெரு முழுவதும் அடுக்கினால், லாரி வந்து ஏற்றிப் போவதற்கு வேண்டிய அளவு சேருகிறது. காயலான் கடைக்காரர் இன்று மறுக்கும் பொருளை நாளை வாங்குவதற்கும் அளவும் உலர்வும்தான் காரணமாக முடியும்.

அதைப் பேசுவதற்கு இடங்கள் இருக்கின்றன. நகரவாசிகளுக்கு வார்டு கமிட்டியும் பகுதி சபையும் உண்டு. ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அங்கே எழுந்து, மூன்று விஷயங்களைக் கேட்கலாம்: உலர்ந்த குவளைகளுக்கு வாரத்தில் ஒரு நாளைத் தனியே குறித்து அறிவிக்க வேண்டும், அந்தக் குவளைகள் தரம் பிரிக்கும் கொட்டகையிலிருந்து எங்கே அனுப்பப்படுகின்றன என்பதை அடுத்த கூட்டத்தில் கணக்காகச் சொல்ல வேண்டும், ஊர்ப் பொதுக் கூடத்தில் விசேஷ வீடுகள் எடுத்துப் போய்த் திருப்பித் தருவதற்கு ஐந்நூறு எவர்சில்வர் டம்ளர் வாங்கி வைக்க வேண்டும். முதல் இரண்டும் வந்துவிட்ட குவளைக்கு. மூன்றாவது இனி வரவிருக்கும் குவளைக்கு. மூன்றில் எது முதலில் நிறைவேறும் என்று கேட்டால் மூன்றாவதுதான், ஏனெனில் அதற்கு ஆலையின் தயவும் வேண்டாம், காயலான் கடைக்காரரின் தயவும் வேண்டாம். மொய் எழுதுகிற ஊரில் நாலு வீட்டார் தலைக்கு இவ்வளவு என்று போட்டால், அடுத்த முகூர்த்தத்துக்கே டம்ளர் தயாராகிவிடும்.